தைராய்டு மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் பிள்ளையின் எலும்பு தேய்ந்துவிடுமா?

நீங்கள் கேட்டது: மகளுக்கு 9 வயது, தைராய்டு குறைவாகச் சுரக்கிறதென்று மருத்துவர் தைராக்ஸின் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார், அதைச் சாப்பிட்டால் எலும்பு தேயும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள், கொடுக்கலாமா?

கொடுங்கள், தயங்கவே வேண்டாம். என் மகளுக்கும் கிட்டத்தட்ட இதே வயதில்தான் தெரியவந்தது. நின்றுபோயிருந்த அவள் வளர்த்தி மறுபடி ஓடத் தொடங்கியதே அந்த மாத்திரையால்தான்.

பள்ளியில் உயர வரிசையில் நடுவில் நின்றவள், வருடத்துக்கு வருடம் முன்னால் வந்துகொண்டிருந்தாள். முந்தைய வருடச் சீருடை அப்படியே பொருந்தியது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன் அது; தைராய்டு குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும். மருத்துவர் இடது கையை மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் மணிக்கட்டு எலும்புகள் சின்னச் சின்னதாக, தள்ளித் தள்ளி இருந்தன. இடையில் கருப்பாகத் தெரிந்ததெல்லாம் இன்னும் எலும்பாக மாறாத குருத்தெலும்பு. விரல் எலும்புகளின் அடியில் ஒரு கருங்கோட்டைக் காட்டி, இதுதான் வளர்ச்சித் தட்டு, உயரம் கூடுவதும் கால் எலும்பில் உள்ள இதே மாதிரித் தட்டுகளில்தான் என்றார். பிள்ளைக்கு வயது 10, எலும்புக்கு வயது 7.

அந்தத் தட்டில் குருத்தெலும்புச் செல்கள் வரிசையாகப் பெருகி, பருத்து, கடைசியில் எலும்புக்கு இடம்விட வேண்டும். இந்த ஒழுங்கை நடத்துவதில் டி3 என்ற தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாத்திரையில் இருப்பது டி4, அதாவது தைராக்ஸின். உடம்பு அதை டி3 ஆக மாற்றிக்கொள்ளும். ஹார்மோன் குறைந்தால் வரிசை குலைந்து எலும்பு முதிர்வது தாமதமாகும். போதாததற்கு வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதும் மந்தமாகிவிடும். சரியான அளவில் மாத்திரை கிடைத்தால் பிள்ளைகள் விட்ட உயரத்தைப் பெருமளவு எட்டிப்பிடிப்பார்கள். ஆனால் பூப்பெய்தும் வயது நெருங்கும்வரை தள்ளிப்போட்டால், தட்டுகள் மூடுவதற்குள் முழுதாகப் பிடிக்க நேரம் போதாது. உங்கள் மகளுக்கு 9 வயதுதான். இப்போது வீணாகும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம்.

அப்புறம், சொந்தக்காரர்களின் பயம் எங்கிருந்து வந்தது? அதிலும் ஒரு உண்மை இருக்கிறது. தைராய்டு மிதமிஞ்சினால் எலும்பு கரையும். 1891-லேயே ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மன் மருத்துவர், தைராய்டு மிகையால் இறந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் புழு அரித்தது போலிருந்ததாக எழுதியிருக்கிறார். பெரியவர்களின் எலும்பிலும் பழையதை அரித்தெடுத்துப் புதிதாகக் கட்டும் வேலை ஓயாமல் நடக்கிறது. ஒரு சுற்று முடியச் சுமார் 200 நாள் ஆகும். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அந்தக் காலம் பாதியாகக் குறைந்துவிடும். தோண்டுகிற வேகத்துக்குப் பூசுகிறவர்களால் ஈடுகொடுக்க முடியாத நிலைமை அது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் எலும்பு போய்விடும். குழந்தைகளுக்கு மிகுந்தாலும் கெடுதல்தான்: முதலில் வேகமாக வளர்ந்து, தட்டுகள் சீக்கிரம் மூடி, குள்ளமாக நின்றுவிடக்கூடும்.

என் அம்மாவுக்கு எலும்பு கரைந்தது இப்படித்தான். வருடக்கணக்கில் பரிசோதனையே செய்யாமல் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஒருமுறை பார்த்தபோது டிஎஸ்எச் 0.1-க்கும் கீழே, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டிஎஸ்எச் இவ்வளவு இறங்கினால் எலும்பு முறியும் ஆபத்து பல மடங்கு கூடும். மருத்துவர் மாத்திரையை நிறுத்தவில்லை, அளவைத்தான் குறைத்தார். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த சிலருக்கு டிஎஸ்எச்-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். அது வேறு கணக்கு, அவர்கள் தாங்களாகக் குறைத்துவிடக் கூடாது.

ஆக, பயப்பட வேண்டியது அளவு தவறுவதற்குத்தான். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுங்கள்; அரை மணியாவது கழித்துப் பாலோ டிபனோ தரலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், சேர்ந்து போனால் தைராக்ஸின் சரியாக உறிஞ்சப்படாது. பிள்ளை எடை கூடக்கூட அளவும் மாறும், அதனால் மருத்துவர் சொல்லும் தேதியில் டிஎஸ்எச், டி4 இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் உயரத்தை அளந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். எலும்பு வயதுக்கான எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லையென்றால், அது தேவையா என்று அடுத்த முறை கேட்டுப்பாருங்கள்.