மரப் பெல்லட்டுகளை எரித்து வீட்டைச் சூடாக்குவது சுற்றுச்சூழலுக்கு உகந்ததா?

வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் பெல்லட் அடுப்பினால் காற்றுமண்டலத்தில் கார்பன் கூடுவதில்லை என்று விற்பனையாளர்கள் சொல்வதைக் குறிப்பிட்டு, அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்பை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது என்பதே என் கருத்து. அந்த மரம் எங்கிருந்து வந்தது, அடுப்புக்கு வராமல் போயிருந்தால் அதற்கு என்ன ஆகியிருக்கும், அந்த வெப்பம் வேறெந்த எரிபொருளின் இடத்தை நிரப்புகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் கார்பன் கணக்கு விளங்கும். புகையின் கணக்கு தனி. மரம் மீண்டும் வளர்வதால் அதில் எந்தச் சலுகையும் கிடையாது.

பெல்லட் என்பது மரத்தூளையும் இழைப்புச் சீவல்களையும் உலர்த்தி அரைத்து, துளையிட்ட எஃகு அச்சின் வழியே பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பெறப்படும் சிறு உருளை. வீட்டு அடுப்புகளில் பெரும்பாலும் 6 மி.மீ. விட்டமுள்ளதே பயன்படுகிறது. அழுத்தத்தால் எழும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பிணைப்புப் பொருள் இளகி, ஆறும்போது துகள்களைப் பிணைத்துவிடுவதால் தனியாகப் பசை சேர்க்க வேண்டிய தேவை மிகக் குறைவு. பெல்லட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 17225-2 என்ற பன்னாட்டுத் தரநிர்ணயத்தின் உயர்தரமான ஏ1 வகையில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. ஒரு கிலோவில் ஏறத்தாழ 4.8 கிலோவாட் மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. இரண்டு கிலோ பெல்லட் ஒரு லிட்டர் எரியெண்ணெய்க்கு ஈடாகும். வடிவமும் ஈரமும் ஒரே சீராக இருப்பதால், திருகுக் கடத்தியால் அளந்து ஊட்டவும் விசிறியால் காற்றைக் கட்டுப்படுத்தவும் முடிகிறது. நல்ல கொதிகலன்கள் எரிபொருளின் வெப்பத்தில் 85 முதல் 90 சதவீதத்தையும் அதற்கு மேலும் வீட்டுக்குத் தருவதற்கு இதுவே காரணம். விறகடுப்போடு ஒப்பிட்டால் இது தொழில்நுட்பத்தில் பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி கார்பனுக்கு வருவோம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐ.பி.சி.சி.யின் வழிகாட்டு நெறிகள் தரும் இயல்பு மதிப்புகளின்படி, ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு சுமார் 56 கிலோவும், டீசல் வகை எண்ணெய் சுமார் 74 கிலோவும், மரம் சுமார் 112 கிலோவும் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. அதாவது புகைபோக்கியின் வாயில் நின்று அளந்தால், மரம் எரிவாயுவைப்போல் இரு மடங்கு கார்பனைக் காற்றில் விடுகிறது. இதை மறைத்துவிட்டுத் தொடங்கும் எந்த விளம்பரமும் நேர்மையானதன்று. அந்தக் கார்பன் அண்மைக் காலத்தில் காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்டது, நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருப்பதோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது என்ற வேறுபாடு உண்மையானது, முக்கியமானது. ஆனால் ஏற்கெனவே உறிஞ்சப்பட்ட கார்பன் என்பதற்காக, இன்று வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்காமல் இருந்துவிடாது. அதை மீண்டும் மரமாக்கக் காடு எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இங்குதான் மூலப்பொருளின் வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றுகிறது. மரம் அறுக்கும் ஆலைக்குள் நுழையும் ஓர் உருட்டுக்கட்டையில் ஏறத்தாழ பாதிதான் பலகையாகவும் சட்டமாகவும் வெளிவருகிறது. எஞ்சியது தூள், சீவல், சில்லு, பட்டை. அந்தத் தூளைக் குவித்துப் போட்டால் சில ஆண்டுகளில் மக்கி, அதிலுள்ள கார்பனில் பெரும்பகுதி எப்படியும் காற்றுக்குத்தான் போகும். குவியலின் உள்ளே காற்றுப் புகாத இடங்களில் மீத்தேன் உருவாகவும் கூடும். அதை எரித்து ஒரு வீட்டின் எண்ணெய்க் கொதிகலனை அணைக்க முடிந்தால், அதனால் விளையும் நன்மை சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரியத் தொடங்கும். மாறாக, இன்னும் பல பத்தாண்டுகள் வளர்ந்து கார்பனைச் சேர்த்திருக்கக்கூடிய நிற்கும் மரத்தை எரிபொருளுக்காகவே வெட்டினால், அதன் இடத்தில் நடப்பட்ட கன்று அந்த இழப்பை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்; மெதுவாக வளரும் குளிர்நாட்டுக் காடுகளில் நூறாண்டை நெருங்கவும் கூடும். இதைத்தான் ஆய்வாளர்கள் கார்பன் கடன் என்கிறார்கள். வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நமக்குக் கிடைத்திருக்கும் காலம் அதைவிடக் குறுகியது என்பதால், இந்தக் கடனை வெறும் கணக்குப் பிசகாக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

ஆலைக் கழிவு என்றாலே அது யாருக்கும் வேண்டாத பொருள் என்றும் எண்ணிவிடக் கூடாது. அதே தூளும் சில்லும் துகள் பலகைக்கும் காகிதக்கூழுக்கும் போகின்றன. பலகையாக மாறும் தூள் தன் கார்பனைப் பல ஆண்டுகள் பூட்டிவைத்திருக்கும். பெல்லட்டாக மாறுவது அந்தக் குளிர்காலத்திலேயே அதை விடுவித்துவிடும். பெல்லட்டின் தேவை ஒரு வரம்பைத் தாண்டினால், பலகைத் தொழில் வேறு மரத்தைத் தேடிப்போகும், அல்லது பெல்லட் ஆலையே நேராகக் காட்டுக்குப் போகும்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நடந்தது ஏறத்தாழ இதுதான். பிரிட்டனின் வடக்கு யார்க்ஷயரில் உள்ள டிராக்ஸ் மின்நிலையம் தன் நிலக்கரி அலகுகளை மரப் பெல்லட்டுக்கு மாற்றியபின், அதற்கான பெல்லட்டில் பெரும்பங்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அங்கிருந்து வந்தது. ஆலைக் கழிவோடு காட்டிலிருந்து நேராக வெட்டிய மரமும் அதில் சேர்ந்ததால் எழுந்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த 2018-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 800 அறிவியலாளர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதி, எரிப்பதற்கென்றே மரம் வெட்டுவதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாகக் கணக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நாடுகள் தரும் உமிழ்வு அறிக்கைகளில் மரத்தை எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தித் துறையின் கூட்டுத்தொகையில் சேர்க்கப்படுவதில்லை. மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் அது இழப்பாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இருமுறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வைத்த இந்த ஏற்பாட்டை, எரிப்பதால் உமிழ்வே இல்லை என்று பொருள்கொள்வது பெரும் தவறு. பெல்லட்டை இறக்குமதி செய்யும் நாட்டின் ஏட்டில் சுழியம் என்று இருப்பதற்கும், காற்றில் சுழியம் என்று இருப்பதற்கும் இடையே ஒரு காடே நிற்கிறது. ஆனால் மின்நிலையத்தைப் பற்றிய குற்றச்சாட்டு முழுவதையும் உங்கள் வீட்டு அடுப்பின்மேல் ஏற்றுவதும் முறையன்று. மின்நிலையத்தில் மரத்தின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வீணாகிறது. வீட்டுக் கொதிகலனில் பத்தில் ஒரு பங்கு அளவே வீணாகிறது.

தயாரிப்புக்கும் ஆற்றல் தேவை. புதிதாக அறுத்த மரத்தூளின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். அதை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர, முடிவில் கிடைக்கும் பெல்லட்டின் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு வரை செலவாகலாம். ஆலை அதற்குப் பட்டையை எரிக்கிறதா, எரிவாயுவை எரிக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் பெல்லட்டின் தூய்மை மாறும். உலர்ந்த பலகையை இழைத்த சீவலிலிருந்து செய்தால் இந்தச் செலவே இல்லை. போக்குவரத்தைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். நெடுந்தூரக் கப்பல் பயணம்கூட ஒரு டன்னுக்கு அவ்வளவு எரிபொருளைத் தின்பதில்லை. லாரியில் பல நூறு கிலோமீட்டர் போவதுதான் உறுத்தலான பகுதி.

அடுத்தது புகை. கார்பனை விட இதைப் பற்றித்தான் மக்கள் குறைவாகப் பேசுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விறகு அரைகுறையாக எரியும்போது கரியும் தாரும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்த நுண்துகள்கள் வெளியேறுகின்றன. பெல்லட் ஏறத்தாழ முழுமையாக எரிவதால் இவை வெகுவாகக் குறைந்து, எஞ்சுவதில் பெரும்பங்கு பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு போன்ற உப்புத் துகள்களாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதிகளில் இந்த வேறுபாடு தெரிகிறது: புதிதாக விற்கப்படும் மூடிய விறகடுப்புகள் ஒரு கன மீட்டர் புகையில் 40 மில்லிகிராம் துகள் வரை விடலாம், பெல்லட் அடுப்புகளுக்கு வரம்பு 20 மில்லிகிராம். விறகடுப்பின் எண் கைதேர்ந்தவர் உலர்ந்த விறகை இட்டு நடத்தும் சோதனையில் கிடைப்பது. ஈர விறகும் அடைத்த காற்றுவழியும் சேர்ந்தால் அது பலமடங்காகும். பெல்லட் அடுப்பில் மனிதக் கைக்கு அவ்வளவு இடமில்லாததால் சோதனைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி சிறியது.

ஆனாலும் எரிவாயுக் கொதிகலனின் துகள் உமிழ்வு இதற்குப் பக்கத்தில்கூட வராத அளவுக்குக் குறைவு. வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் உள்ளே கொண்டுவரும் கருவியான ஹீட் பம்ப், வீட்டில் எதையும் எரிப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5-ஆகக் குறைத்தது. வீடுகள் நெருங்கிய தெருவிலும், குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்கும் பள்ளத்தாக்கிலும், ஒவ்வொரு கூரையிலிருந்தும் சிறிதளவு வந்தால்கூட அந்த அளவை எளிதில் தாண்டிவிடலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்கு அந்தத் துகள் புதுப்பிக்கத்தக்க மரத்திலிருந்து வந்ததா என்பது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே அடர்த்தியான நகர்ப்பகுதியில் பெல்லட்டைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை.

எதற்கு மாற்றாக என்ற கேள்விக்கு வந்தால், நிலக்கரி, எண்ணெய், பழைய விறகடுப்பு ஆகியவற்றுக்குப் பதிலாக ஆலைக்கழிவுப் பெல்லட் வருமானால் அது தெளிவான முன்னேற்றம். ஹீட் பம்புக்கு எதிராக நிறுத்தும்போது நிலைமை வேறு. ஓர் அலகு மின்சாரத்தில் அது ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தருவதால், முழுக்க நிலக்கரியில் ஓடும் மின்கட்டமைப்பில்கூட, ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு பெல்லட் புகைபோக்கியில் வெளியேறுவதைவிடக் குறைவாகவே வரும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அந்த இடைவெளி பெருகும். நிலத்தின் அளவையும் பாருங்கள். மிதமான தட்பவெப்பத்தில் ஒரு ஹெக்டேர் காடு ஆண்டுக்கு ஐந்து கன மீட்டர் மரம் தந்தால் அதில் இருப்பது ஏறத்தாழ 10 மெகாவாட் மணி ஆற்றல். அதே பரப்பில் வைத்த சூரியத் தகடுகள் அதைப்போல் பல பத்து மடங்கு மின்சாரம் தரும். உலகின் எல்லா வீடுகளையும் பெல்லட்டால் சூடாக்கும் அளவுக்குக் காடு கிடையாது. அது சிலருக்கு மட்டும் பொருந்தும் எரிபொருள். அறுவை ஆலைகள் அருகில் இருப்பவர்கள், வீடுகள் தள்ளித்தள்ளி அமைந்த கடுங்குளிர்ப் பகுதியில் வாழ்பவர்கள், மின்கம்பி நம்பகமாக இல்லாதவர்கள் ஆகியோர் அதில் அடங்குவர்.

நீங்கள் அந்தச் சிலருள் ஒருவரானால், அடுப்பு வாங்கும் முன் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு செய்துவிடுங்கள். எரிக்கப்படாத பெல்லட்டைவிடத் தூய்மையான பெல்லட் இல்லை. அதன்பின் தேவைப்படும் அளவுக்கே கொதிகலனைத் தேர்ந்தெடுங்கள். பெரிதாக வாங்கினால் அது அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு தொடக்கத்திலும் அணைப்பிலும்தான் புகை மிகுதியாக வரும். சுடுநீர் சேமிப்புத் தொட்டி ஒன்று வைத்தால் கொதிகலன் நீண்ட நேரம் சீராக எரியும். விற்பவரிடம் ஏ1 சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சான்று சாம்பலையும் ஈரத்தையும் பற்றியதே தவிர, காட்டைப் பற்றியதன்று. மூலப்பொருள் ஆலைத் தூளா, உருட்டுக்கட்டையா என்றும், எந்த ஆலையிலிருந்து வருகிறது என்றும், உலர்த்த எதை எரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சேமிப்பு அறையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது, எதையும் எரிக்காமலேயே கார்பன் மோனாக்சைடு உருவாகும். பைன் மரப் பெல்லட்டில், அதிலும் புதிதாகச் செய்ததில், இது கூடுதலாக இருக்கும். மணமோ நிறமோ இல்லாத அந்த வாயுவால் கப்பல்களின் சரக்கு அறைகளிலும் கட்டடங்களின் பெல்லட் கிடங்குகளிலும் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். மொத்தமாகக் கொட்டிவைக்கும் அறை என்றால் வெளிக்காற்றோடு நேரடித் தொடர்புள்ள காற்றுவழி அமைத்து, உள்ளே போகும் முன் கதவைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றாடவிட்டு, கார்பன் மோனாக்சைடு அளவியைக் கையில் கொண்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டே நுழைய வேண்டும்.