லடாக் மலையிலிருந்து ராஜஸ்தான் பாலைவனம் வரை நண்பர்களோடு காரில் இறங்கலாமா?

வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குப் பாலைவனம் ஒரு பொருட்டா, லடாக்கிலிருந்து காரிலேயே ராஜஸ்தானுக்கு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்கலாம். ஆனால் பாலைவனம் ராஜஸ்தானில் ஆரம்பிப்பதில்லை, மலைமேலேயே ஆரம்பித்துவிடுகிறது. லே நகரில் வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. ஜெய்சல்மேரில்கூட அதைவிட அதிகம் பெய்யும்.

நாங்கள் போன செப்டம்பரில் கிளம்பினோம், ஏழு பேர், இரண்டு வண்டி. கிருஷ்ணகிரியில் பிடித்த 44ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. ஏறுவதற்கு அந்த வழிதான் நல்லது. கார்கில் வழியாக உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், உடம்பு பழகிக்கொள்ளும்.

அப்படியும் லேயில் இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு நண்பனுக்குத் தலைவலி, வாந்தி. மறுநாள் காலையே மணாலி ரோட்டில் கிளம்பிவிடலாம் என்று நாங்கள் துடித்துக்கொண்டிருந்தோம். கூட வந்த மாமா கம்மவான்பேட்டைக்காரர், ராணுவத்தில் லடாக்கில் இருந்தவர். "தலவலியோட இதுக்கு மேல ஏறக்கூடாது மாப்ள. அவன் தெளியற வரைக்கும் இங்கதான்" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டி, இரண்டு நாள் தங்கினோம். அடுத்த கணவாய் தங்லங் லா, 5,328 மீட்டர். அவனை அப்படியே கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். குழுவாகப் போனால் யாருக்கு முடியவில்லையோ அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். இதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு பண்ணிவிடுங்கள்.

தங்லங் லாவில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை இறுக மூடி சீட்டுக்கடியில் போட்டேன். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ராஜஸ்தானில் பிகானேருக்கு வந்து எடுத்துப் பார்த்தால், யாரோ கையால் பிழிந்த மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. நம் உடம்பும் அதே இறக்கத்தைத்தான் இறங்கி வந்திருக்கிறது.

அதே மணாலி ரோட்டில் காட்டா லூப்ஸ் என்ற இடத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஏலகிரியின் 14 வளைவில் ஓட்டிப் பழகியவர் கையில் வண்டியைக் கொடுங்கள். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். மணாலிக்கு முன்னால் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை. அப்புறம் சண்டிகர், ஹிசார், சமவெளி.

வெயில் விஷயத்தில் நம் ஊர் அனுபவத்தை நம்பாதீர்கள். வேலூரில் சட்டை முதுகில் ஒட்டும், வேர்க்கிறது என்று தெரியும். பிகானேரில் வேர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடுகிறது. சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. தாகம் எடுக்கட்டும் என்று இருக்காதீர்கள், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கையிலேயே இருக்கட்டும்.

ஜெய்சல்மேர் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாங்ரி என்று ஒரு பொரியல் வைத்தார்கள். என்ன காய் என்று கேட்டோம். கடைக்காரர் வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார். நம் கோயில்களில் பிள்ளையாருக்குப் போடும் வன்னி! அங்கே அதன் பெயர் கேஜ்ரி. 1730இல் ஜோத்பூர் பக்கம் அந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பூஜைக்கு ஒரு கொத்து பறிக்கக் கையை நீட்டியவன் நிறுத்திக்கொண்டேன். கீழே உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் காட்பாடிக்குக் கொண்டுவந்தேன்.