ஆச்சி பெட்டியில் கிடைத்த வெள்ளி ரூபாய்: எக்ஸ்எஃப்பா, விஎஃப்பா?

கேள்வி: ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஆறு இருந்தன. ஐந்தில் 1918, ஒன்றில் 1911 என்று இருக்கிறது. திருநெல்வேலி டவுனில் காட்டியபோது ஒருவர் "எக்ஸ்எஃப்" (மிக லேசாகத் தேய்ந்த காசின் தரம்) என்றார், இன்னொருவர் "விஎஃப் (அதற்கு ஒரு படி கீழே) தேறினாலே பெரிசு" என்றார். யார் சொல்வது சரி? விற்பதற்கு முன் துலக்கிப் பளபளப்பாக்கலாமா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: துலக்கவே துலக்காதீர்கள். திருநீறு, புளி, எலுமிச்சை, பற்பசை எல்லாம் பூஜைப் பாத்திரத்துக்குச் சரி, காசுக்கு ஆகாது. திருநீற்றின் நுண்துகள் வெள்ளியின் மேல்தோலைக் கீறிவிடும். கறுப்பாகப் படிந்திருப்பது அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான படலம். சீராகப் படிந்த கருமைக்காக யாரும் தரத்தைக் குறைப்பதில்லை, தேய்த்துவிட்டால்தான் குறைப்பார்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே துலக்கியிருக்கவும் கூடும். அதைக் கண்டுபிடிக்க டியூப்லைட் உதவாது. அறையை இருட்டாக்கி, ஒற்றை பல்பு போட்ட மேசைவிளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். புழக்கத்தில் விழுந்த கீறல் கண்டபடி ஓடும். துலக்கிய கீறலோ மயிரிழை போல, கூட்டமாக, ஒரே திசையில் ஓடும். அப்படி இருந்தால் தலையின் நுணுக்கம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் "எக்ஸ்எஃப், ஆனால் சுத்தம் செய்தது" என்றுதான் எழுதுவார்கள், விலையும் அதற்கேற்ப இறங்கும்.

தரம் பார்க்குமுன் எடை போடுங்கள். ஒரு ரூபாய் எடை என்பதுதான் நகைக்கடைக்காரர்கள் சொல்லும் தோலா, அதாவது 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம், காந்தத்தில் ஒட்டாது. தேய்ந்த காசு எடை கொஞ்சம் குறையலாம். தலைமுடி, மீசை எல்லாம் கூர்மையாக இருந்தும் எடை மட்டும் நன்றாகக் குறைந்தால் அது அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம். விளிம்பின் வரிப்பற்கள் மழுங்கியோ நடுவில் கோடு ஓடியோ இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

இனி தேய்மானம். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் போதும். காசில் எது மேலே எழும்பி நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும், ஆகவே நேரே அங்கே போங்கள்: காதின் மேல்மடல், புருவம், மீசை, கிரீடத்தின் பட்டை, மேலங்கியின் வேலைப்பாடு. அங்கியில் பூவேலை இழை இழையாகத் தெரிந்து, காதின் உச்சியில் மட்டும் லேசான தட்டை இருந்தால் எக்ஸ்எஃப். அங்கியின் பூக்கள் உருவம் தெரிந்தும் உள்கோடு மறைந்திருந்தால், காதும் மீசையும் வழவழப்பாகிவிட்டால் விஎஃப். அங்கி பெரும்பாலும் தட்டையாகி, கிரீடத்தின் கல் வரிசை ஒன்றோடொன்று கலந்துவிட்டால், விஎஃப்புக்கும் கீழான ஃபைன். பின்பக்கத்தில் ரோஜா, திஸ்டில் (முட்பூ), ஷாம்ராக் (மூவிலைச் செடி), தாமரை கலந்த பூக்கொடியைப் பாருங்கள். இதழ்களின் நடுநரம்பு முதலில் போகும். இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் மோசமான பக்கத்தை வைத்தே விலை பேசுவார்கள்.

உங்களுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். அச்சடிக்கும்போதே அழுத்தம் பற்றாமல் காதோ அங்கியோ மொண்ணையாக விழுவதுண்டு. அது தேய்மானமல்ல. பிரித்தறிய பளபளப்பைப் பார்க்க வேண்டும். விளக்கின் கீழ் காசைச் சுழற்றும்போது வெளிச்சப் பட்டைகள் மையத்திலிருந்து ஆரங்களாகச் சுற்றிவந்தால் மின்ட்டில் (நாணயச்சாலையில்) அடித்தபோது வந்த பளபளப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சுழற்சி மேடான இடத்தின் மீதும் விடாமல் ஓடினால் அச்சு பலவீனம்தான். மேட்டில் மட்டும் ஒளி நின்று, சாம்பல் நிறமாக மங்கினால் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் காதை மட்டும் பார்த்தவர் விஎஃப் என்பார், பூக்கொடியை மட்டும் பார்த்தவர் எக்ஸ்எஃப் என்பார். சுழற்சி முழுதாக இருந்து எங்குமே மங்கல் இல்லாவிட்டால்தான் யூஎன்சி, அதாவது புழங்கித் தேயாத காசு. பெட்டியில் ஒன்றோடொன்று உரசிக் கிடந்த காசில் அது அபூர்வம்.

விளிம்பையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். காசுமாலைக்கு வளையம் பற்றவைத்து எடுத்திருந்தால் ஓரிடத்தில் பற்கள் உருகி, நிறம் வேறாக இருக்கும். அதற்குத் தனித் தள்ளுபடி உண்டு.

1911 காசைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த ஆண்டு ரூபாயில் மன்னர் மார்பிலுள்ள யானையின் துதிக்கை குட்டையாகி, பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது, காசு திரும்பப் பெறப்பட்டது. 1912 முதல் துதிக்கையை நீட்டி அடித்தார்கள். யானை தெளிவாகத் தெரிவதும் தெரியாததும்தான் இந்தக் காசில் விலையைத் தீர்மானிக்கும். லென்ஸை முதலில் அங்கேதான் வையுங்கள். 1918 ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய் இரண்டு மின்ட்டிலும் வந்ததால், பின்பக்கம் தாமரைக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய் என்று குறித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

சான்றளித்துப் பெட்டியில் அடைத்துத் தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் நிறுவனங்களுக்கு 1918 காசுகளை அனுப்பினால், அவை அபாரமான யூஎன்சியாக இல்லாதவரை, செலவு காசின் விலையைத் தாண்டிவிடும். 1911 எக்ஸ்எஃப் அல்லது அதற்கு மேல் தேறினால் யோசிக்கலாம். அதுவரை மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், அதிலுள்ள பிவிசி கசிந்து பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். அட்டைச் சட்டத்தில் மைலார் (தெளிந்த பிளாஸ்டிக் தாள்) வைத்த ஹோல்டர் வாங்கி, ஸ்டேப்ளர் பின் காசில் படாமல் அடித்து வையுங்கள்.