துண்டுச் சீட்டுக்கு ஒரு கூடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாவலுக்கான குறிப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிவைப்பது பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஃபேன் போட்டதும் ஒரு அத்தியாயமே பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். நான் டூல் அண்ட் டை டிப்ளமா படித்தவன். ஓசூரில், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற ஒரு சின்ன மோல்டிங் யூனிட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நிற்கும் 80 டன் மிஷினில் சொந்தமாக ஏதாவது செய்து பார் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். 20 ரூபாய்க்கு விற்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் சீட்டுத் தாங்கி செய்யலாம் என்று ஆசை.

வரைபடமும் 3டி பிரிண்டரில் எடுத்த மாதிரி ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். மூடி உண்டு. பேனா நிறுத்த இரண்டு குழி, செல்போன் சாய்க்க ஒரு இடம், பக்கத்தில் மாதக் காலண்டர் செருகப் பள்ளம். உறுதியாக இருக்கட்டும் என்று சுவர் 4 மி.மீ. கொடுத்திருக்கிறேன். லூமான் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இப்படி 90,000 சீட்டுகள் சேர்த்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எழுதுகிறவர்களுக்கு இதில் என்னதான் வேண்டும்? நீங்களும் ஒரு காலத்தில் டூல் ரூமில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., ஓசூர்

அன்புள்ள க.,

முதலில் ஒரு துக்கச் செய்தி. உங்கள் மாதிரியை ஒரு நண்பரிடம் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். சென்னை, மே மாதம், மதியம் ஒரு மணி. திரும்பி வந்து பார்த்தால் மூடி தொய்ந்து, பேனாக் குழி இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக் குனிந்திருந்தன. 3டி பிரிண்டரில் ஓடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். மன்னிக்கவும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்பது நாள் அது என் மேஜைமேல் இருந்தது. அந்த ஒன்பது நாளில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் மூடியைத் திறந்தேன். அப்புறம் மூடவே இல்லை. பேனாக் குழியில் பேனா ஒருநாளும் நிற்கவில்லை, அது எப்போதும் என் கையில் அல்லது காதில்தான் இருக்கும். சீட்டு எழுதுகிறவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை. அந்தக் கையால் சீட்டை உருவினால் உங்கள் பெட்டியும் கூடவே எழுந்து வந்தது. அளந்து பார்த்தேன். உள் அகலம் 74.5 மி.மீ. வைத்திருக்கிறீர்கள். ஏ7 தாள் 74 மி.மீ. என்பதால் அரை மி.மீ. விட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் கடையில் வெட்டி வந்த ஏ7 தாளை நான் வாங்குவதில்லை. ஒரு பக்கம் பிரிண்ட் ஆன ஏ4 தாளை மூன்று முறை மடித்து, மடிப்பில் ஸ்கேலை வைத்துக் கிழிப்பேன். எட்டுச் சீட்டு கிடைக்கும். ஒன்று 73 இருக்கும், ஒன்று 76 இருக்கும். ஓரம் பிசிறு தட்டி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி சுருளும். அதனால் உள் அகலம் 78 மி.மீ. கொடுங்கள்.

எங்கள் தாத்தா வீட்டில் ஒரு கடிதக் கம்பி இருந்தது. உங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. தடித்த கம்பி ஒன்றை மேலே கொக்கி போல வளைத்து, கீழே ஒரு மரக்கட்டையில் நிறுத்தி, உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். வந்த கடிதம், வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வந்த வரிசையில் அதில் குத்தப்படும். அதைவிட மலிவான தாங்கி உலகத்தில் கிடையாது. காற்றுக்குப் பறக்காது, எலி எட்டாது. வருஷத்துக்கு ஒரு முறை கிஸ்து ரசீதைத் தேடுவதற்காக மொத்தத்தையும் உருவிக் கூடத்தில் பரப்புவார்கள். அன்றைக்குத் தாத்தாவின் பக்கம் யாரும் போக மாட்டார்கள். வேண்டிய ரசீதில் தொகை எழுதிய இடத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும். வாங்கி வைத்துக்கொள்ளத் தெரிந்த கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியாது. உங்கள் மூடி போட்ட பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கம்பி ஞாபகம் வந்தது.

ஆகவே, சீட்டு எப்படி உள்ளே போகிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி வெளியே வருகிறது என்பதிலிருந்து வரையத் தொடங்குங்கள். மூடி, குழி, செல்போன், காலண்டர் நான்கையும் அழித்துவிடுங்கள். காலண்டரை யார் கேட்டார்கள்? மிஞ்சுவது மேலே திறந்த ஒரு கூடு. அதை இரண்டு அறையாகப் பிரியுங்கள். முன் அறையில் வெற்றுச் சீட்டு, பின் அறையில் எழுதிய சீட்டு. இந்த ஒரு வசதி போதும்.

முன்சுவரின் நடுவில் கட்டைவிரல் போகிற அளவுக்குப் பிறை மாதிரி ஒரு வெட்டு வேண்டும். உங்கள் படத்தில் அந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை போட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் சுவருக்கு நடுவில் ஓட்டை என்றால் மோல்டில், அதாவது அச்சில், சைடு கோர் வரும். மோல்டு திறக்கிற திசைக்குக் குறுக்கே ஒன்று ஓட வேண்டும், அதை நகர்த்த ஒரு கேம் பின், பிடித்து நிறுத்த ஒரு லாக். அதே வெட்டை மேல் விளிம்புவரை திறந்துவிட்டால் உள்ளச்சான கோரும் வெளியச்சான கேவிட்டியும் நேராக வந்து மோதியே அதை உண்டாக்கிவிடும். ஒரு பைசா செலவில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை. நல்ல வடிவம் ஒன்று மனதில் விழுந்துவிட்டால் நாம் எல்லோரும் மோல்டை மறந்துவிடுவோம், நானும் பலமுறை மறந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆழம் 70 மி.மீ. சீட்டின் உயரம் 105. மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருந்தால் ஃபேன் ஐந்தில் சுற்றினாலும் அசையாது. டிராஃப்ட், அதாவது பீஸ் அச்சிலிருந்து கழன்று வரச் சுவருக்குக் கொடுக்கிற சரிவு, ஒரு டிகிரி கொடுத்தால் 70 மி.மீ.க்கு ஒரு பக்கம் 1.2 மி.மீ. விரியும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். வாய் சற்று அகன்றால்தான் பார்க்காமலே சீட்டைச் செருக முடியும். மோல்டுக்கு வேண்டியதும் கைக்கு வேண்டியதும் ஒன்றாக அமைகிற இடங்கள் ரொம்பக் குறைவு, கிடைத்தால் விடக்கூடாது.

அப்படி இன்னொரு இடம், பின் அறையின் தரை. அதை முன் அறையைவிட 15 மி.மீ. உயர்த்துங்கள். எழுதிய சீட்டுகள் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். தலையில் ‘ஆத்தங்கரை’, ‘மாமனார் சாவு’ என்று ஒரு சொல் எழுதி வைத்தால் விரலால் தள்ளிக்கொண்டே போய் எடுத்துவிடலாம். மோல்டில் இதற்கு என்ன செலவு? ஒரு கோர் 15 மி.மீ. குட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.

சாய்வில்தான் நான் ஏமாந்தேன். தாள் முன்னால் மடங்கி விழாமல் இருக்கக் கூடு பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். செருப்புப் பெட்டி அட்டையில் ஒன்று வெட்டி ஒட்டி, தாராளமாக 20 டிகிரி சாய்த்தேன். காலையில் கம்பீரமாக நின்றது. எழுத எழுதச் சீட்டுகள் முன் அறையிலிருந்து பின் அறைக்குப் போயின. மத்தியானம் ஒரு சீட்டைச் செருகியதும் மல்லாக்க விழுந்தது. ஒரு ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்), 5 கிராம். அதில் எட்டில் ஒரு பங்கு 0.62 கிராம். நூறு சீட்டு 62 கிராம். கூடு மொத்தமே 40 கிராம்தான் வரப்போகிறது. அதாவது எது எங்கே நிற்கும் என்பதைத் தாள்தான் முடிவு செய்கிறது. 10 டிகிரிக்குக் குறைத்தேன், நின்றுவிட்டது. தனியாகக் கால் எதுவும் வேண்டாம். சுவர்களைத் தரைக்குக் கீழே கொஞ்சம் நீட்டி, கீழ் விளிம்பைச் சாய்வாக முடித்துவிட்டால் கூடு தானே சாய்ந்துகொள்ளும்.

இனி சுவர். 4 மி.மீ. வேண்டவே வேண்டாம். சுவர் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உங்களுக்கே பாடத்தில் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிஷின் முன்னால் கொட்டாவி விடுவீர்கள். 1.5 மி.மீ. போதும். பொருள் பாலிப்ரொப்பிலீன், சுருக்கமாகப் பிபி. கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கிறதே என்று பாலிஸ்டைரீன் பக்கம் போகாதீர்கள், மேஜையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் மூலையில் கீறல் ஓடிவிடும். பிபி விழுந்தாலும் எழுந்து வரும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, ஆறும்போது தட்டையான நீளச் சுவரை உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். முன்சுவரையும் பின்சுவரையும் வெளிப்பக்கமாக அரை மி.மீ. புடைக்க வைத்தால் ஆறியபின் நேராகத் தெரியும். சுருக்கம் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால், 78 வேண்டிய இடத்தில் கோரை 79.2க்கு வெட்ட வேண்டும். உங்கள் யூனிட்டில் ஓடுகிற கிரேடுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறம் போட வேண்டாம். நிறம் சேர்க்காத பிபிக்கு வடித்த கஞ்சியின் நிறம். உள்ளே எத்தனை வெற்றுச் சீட்டு மிச்சம் என்பது நிழலாகத் தெரியும். நிறம் ஏற்றக் கலக்கிற மாஸ்டர்பேட்ச் காசும் மிச்சம்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது, 20 ரூபாய்க் கணக்கு. பிபி கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 கிராமுக்கு 4 ரூபாய். மோல்டுக்கு 2 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பீஸ் போட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் மோல்டுக்காக மட்டும் 20 ரூபாய் ஏறும். ஐம்பதாயிரம் போட்டால் 4 ரூபாய். பிளாஸ்டிக்கில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் ஒரு ரூபாய்க்குமேல் இறங்காது. சைடு கோரை எடுத்தது, மூடிக்கென்று இன்னொரு மோல்டு செய்யாமல் விட்டது, அங்கேதான் உங்கள் 20 ரூபாய் இருக்கிறது. ஐம்பதாயிரம் பேர் சீட்டில் எழுதுகிறார்களா என்று கேட்காதீர்கள். எழுத்தாளர்களை நம்பி இறங்கினால் தெருவில் நிற்பீர்கள். மெடிக்கல் ஷாப், தையல் கடை, டோக்கன் கொடுக்கிற கிளினிக் எல்லாரும் சீட்டுதான் எழுதுகிறார்கள். முதலில் அக்ரிலிக் கடையில் 2 மி.மீ. ஷீட்டை லேசரில் வெட்டி ஒட்டி ஒரு பத்து கூடு செய்து, அவர்களிடம் ஒரு வாரம் சும்மா கொடுத்துப் பாருங்கள். மோல்டுக்குக் கை வைப்பது அதற்கு அப்புறம்.

லூமான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் சீட்டுகளை மர இழுப்பறைகளில் வைத்திருந்தார். அட்டையில் எழுதாமல் சாதாரணத் தாளில் எழுதினார், அட்டை என்றால் இழுப்பறை சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால். உங்கள் கூட்டில் இரண்டு அறையும் சேர்த்து இருநூறு சீட்டு கொள்ளும். தொண்ணூறாயிரம் சேருகிறவர் தச்சரிடம் போகட்டும்.

கடைசியாக ஒன்று. மேஜைமேல் இடமே இல்லாதவர்களுக்கு, ஹோட்டல் சமையலறைகளில் ஒரு சாமான் உண்டு. ஆர்டர் சீட்டு தொங்குகிற நீளப் பட்டை. உள்ளே சாய்வான தரை, அதில் வரிசையாகக் கோலிகள். சீட்டைக் கீழிருந்து மேலே தள்ளினால் கோலி உருண்டு வழிவிடும். கையை எடுத்ததும் சரிவில் இறங்கித் தாளைச் சுவரோடு அழுத்திக்கொள்ளும். கீழே இழுத்தால் இன்னும் இறுகும், பக்கவாட்டில் உருவினால் வந்துவிடும். ஸ்பிரிங் இல்லை, கிளிப் இல்லை. 1872-இல் லண்டன்காரர் ஹைரம் காட் காப்புரிமை வாங்கிய கோலி சோடா பாட்டிலுக்கு இதை ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அங்கே கோலியை வாயு மேலே தள்ளி அடைக்கிறது, இங்கே அதன் எடையே கீழே இறங்கி அடைக்கிறது. பொதுவாக அலுமினியத்தில் வருகிறது. பிவிசியில் நீளமாக இழுத்து, அரையடி அரையடியாக வெட்டி, பெட்டிக்கடைக் கோலி நாலு போட்டால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு நமைச்சல். ஆனால் அது எக்ஸ்ட்ரூஷன் வேலை, உங்கள் மிஷினில் ஆகாது. அதற்கு ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்போதைக்கு எழுதும் அறையில் எலக்ட்ரீஷியன் விட்டுப்போன ஒரு முழம் கேசிங் கேப்பிங்கை, அதுதான் ஒயரை மறைக்கிற மூடி போட்ட பட்டையை, சுவரில் அடித்து, மூடிக்கும் அடிப்பட்டைக்கும் இடையில் சீட்டுகளைச் செருகி வைத்திருக்கிறேன். நான்கு சீட்டுக்குமேல் போனால் மூடி கழன்று தலையில் விழுகிறது.

முதல் ஷாட் எடுத்ததும் இரண்டு பீஸ் அனுப்புங்கள், பிசிறோடு இருந்தாலும் பரவாயில்லை. இந்த முறை பஸ்ஸில் போய் வருகிறேன்.

அன்புடன்