லெவல் ஏறும் கணக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

கொருக்குப்பேட்டையில் ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், நான் கதையை நடத்தும் கேம் மாஸ்டர். கதைக்களம் நானே கட்டியது: 1914, மதராஸ், ராயபுரம் கரையில் சரக்கு கடத்தும் ஒரு கும்பல். மந்திரம் கிடையாது, ஃபைட்டர் (சண்டைக்காரர்), ரோக் (திருட்டு வேலைக்காரர்) பாத்திரங்கள் மட்டும். நாலு மாசமாகியும் நாலு பேர் மூன்றாம் லெவலிலேயே நிற்கிறார்கள். எண்ணூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் நண்பர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வர முடிகிறது, அவர் இன்னும் இரண்டில். சத்தமில்லாமல் நழுவிப் போகக்கூடிய இடத்திலும் காவலாளியை அடித்துப் போடுகிறார்கள், எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) வருமே என்று. எக்ஸ்பியையே தூக்கிவிட்டு கதைத் திருப்பங்களில் லெவல் கொடுக்கலாமா? அல்லது கால் ஆஃப் கத்துலு என்ற இன்னொரு கதை ஆட்டம் மாதிரி திறமைக்குத் திறமை டிக் போடும் முறையை இதில் ஒட்டவைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆட்டக்காரர்கள் மேல் தப்பில்லை. அடித்தால் புள்ளி என்றீர்கள், அடிக்கிறார்கள்.

முதலில் ஏன் நகரவில்லை என்று பாருங்கள். மூன்றாம் லெவலுக்கு 900 எக்ஸ்பி, நான்காம் லெவலுக்கு 2700. இடைவெளி ஆளுக்கு 1800, ஐந்து பேருக்கு 9000. விதிநூலில் சாதாரணக் காவலாளிக்கு 25 எக்ஸ்பிதான். ஆக 360 காவலாளிகளைச் சாய்க்க வேண்டும். அதற்கப்புறம் எந்தத் துறைமுகத்தில் கடத்தப்போகிறார்கள்? அந்தப் பட்டியல் பெரிய பெரிய மிருகங்களை நம்பிப் போட்டது. ஓகர் என்ற ராட்சதன் ஒன்றுக்கே 450. உங்கள் கதையில் ஓகர் இல்லை. பேசியோ ஏமாற்றியோ ஆபத்தைக் கடந்தாலும் எக்ஸ்பி தரலாம் என்று அதே விதிகள் அனுமதிக்கின்றன, பலர் கவனிப்பதில்லை. ஆனால் அப்போதும் அளவுகோல் காவலாளியாகவே இருக்கும்.

உங்கள் கதைக்கு 1974இல் வந்த முதல் பதிப்பின் வழிதான் பொருந்தும். அங்கே கொண்டுவந்து சேர்த்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. 1981 பதிப்பில் கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் 5 புள்ளி, ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்கு ஏற 2000 வேண்டும். அந்தக் கணக்கில் சண்டை என்பது நஷ்டம். ஒளிந்து போவது, லஞ்சம் கொடுப்பது, ஓடிவிடுவது எல்லாம் லாபம். 1989இல் இரண்டாம் பதிப்பு இதை விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. கடத்தல் கும்பல் கதைக்கு இதைவிட வாகானது கிடையாது.

இப்படிச் செய்யுங்கள். ஆளாளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம், கும்பலுக்கு ஒரே நோட்டு. கரை சேர்ந்த சரக்கின் விலை ஒரு ரூபாய்க்கு ஒரு புள்ளி, யாருக்கும் பங்கு பிரிக்காமல் அப்படியே நோட்டில் ஏறும். 1000 புள்ளி சேர்ந்தால் எல்லோருக்கும் அடுத்த லெவல், நோட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். எல்லா லெவலுக்கும் ஒரே 1000 என்பது பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வழக்கம், மனக்கணக்காகவே போடலாம். ஒரு செஷனில் 300 முதல் 400 ரூபாய்ச் சரக்கு கிடைக்கிற மாதிரி வையுங்கள், மூன்று ஞாயிறுக்கு ஒரு லெவல் வரும். துணிப்பொதி என்ன விலை, மண்ணெண்ணெய் டின் என்ன விலை என்று சரித்திரம் புரட்ட வேண்டாம். போன வாரம் சொன்ன விலை இந்த வாரமும் இருந்தால் போதும்.

ஷிஃப்ட் நண்பரின் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். வந்தாலும் வராவிட்டாலும் நோட்டு ஒன்றுதான். வராதவருக்குக் குறைப்பது நியாயம் என்று யாராவது கொடி பிடிப்பார்கள். ஆட்டத்தைத் தவறவிட்டதே அவருக்கு நஷ்டம், அதற்கு மேல் அபராதம் எதற்கு? இரண்டும் மூன்றும் கலந்து ஆடினால் பெரிதாகத் தெரியாது. நான்கும் ஐந்தும் கலந்தால் வலிக்கும். ஐந்தில் ஃபைட்டருக்கு ஒரு முறைக்கு இரண்டு அடி, டைஸில் விழுவதோடு சேரும் தேர்ச்சிக் கூட்டல் 2இலிருந்து 3 ஆகிறது. நான்கில் இருப்பவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

இந்த முறையில் எது கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவுக் கொண்டி, லாந்தர், கயிறு என்று கண்ணில் படுவதையெல்லாம் கழற்றுவார்கள். 10 ரூபாய்க்குக் கீழே எதற்கும் புள்ளி இல்லை என்று வையுங்கள். அடுத்தது, பணம் குவியும், குவிந்தபின் கடத்தப் போகக் காரணம் இருக்காது. அதற்கு, சரக்கு கரை சேர்ந்ததும் புள்ளி தராமல், அந்தப் பணத்தைச் செலவழித்தபின் கொடுங்கள். கடன் அடைப்பது, சீட்டு கட்டுவது, வலை வாங்கித் தருவது, கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுச் சாவுச் செலவு எல்லாம் சேரும். குடியும் சூதும்கூடச் சேரும், ஆனால் ஆறுமுக டைஸை உருட்டி 1 விழுந்தால் மறுநாள் ஒரு வம்பு வீட்டு வாசலில் நிற்கும். ஆயுதம் வாங்கிய பணத்துக்கு மட்டும் புள்ளி கிடையாது. கத்தியும் கிடைத்து லெவலும் கிடைத்தால் வேறெதற்கும் ஒருவரும் காசை அவிழ்க்க மாட்டார்கள். நாலு வாரத்தில் அந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்பது நீங்கள் எழுதாமலே உருவாகிவிடும்.

கதைத் திருப்பத்தில் லெவல் கொடுப்பது, கதை ஒரே கோட்டில் போகும் ஆட்டத்துக்குச் சரி. உங்களுடையது எந்தப் பக்கமும் போகக்கூடியது. அங்கே அதைக் கொண்டுவந்தால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் திருப்பம் எது என்று மோப்பம் பிடிப்பதே வேலையாகிவிடும்.

டிக் முறை நல்ல முறை, ஆனால் ஒட்டாது. கத்துலுவில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறமைக்கு ஒரு டிக். பிறகு நூறுக்கு உருட்டி, இருக்கும் திறமையைவிட அதிகமாக விழுந்தால் பத்துமுக டைஸில் விழுந்ததைக் கூட்டுவார்கள். 25 இருப்பவருக்கு உயர 75 சதவீத வாய்ப்பு, 80 இருப்பவருக்கு 20தான். தெரியாதது வேகமாக வளரும், தெரிந்தது நகராது. நூறில் அளக்கும்போதுதான் இது இயங்கும். இருபதுமுக டைஸில் ஒரு கூட்டலே 5 சதவீதம், சின்னச் சின்னதாக ஏற்ற இடமில்லை. போதாக்குறைக்கு, காரணமே இல்லாமல் எல்லாத் திறமையையும் ஒருமுறை உருட்டிப் பார்க்கும் டிக் வேட்டை தொடங்கும்.

கத்துலுவில் உங்களுக்குப் பிடித்தது மனிதர்கள் கடைசிவரை மனிதர்களாகவே இருப்பதுதான் என்றால், அதற்கு வேறு வழி உண்டு: ஆறாம் லெவலில் நிறுத்துங்கள். உடல்வலுக் கூட்டல் 2 உள்ள ஃபைட்டருக்கு மூன்றாம் லெவலில் 28 ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு). காவலாளியின் ஈட்டிக் குத்து சராசரி 4.5, ஏழு குத்தில் விழுவார். பத்தாம் லெவலில் 84, பத்தொன்பது குத்து தாங்குவார். ராயபுரம் கரையில் அப்படி ஒரு ஆள் நடமாடினால் காவலாளிக்கு யார் பயப்படுவார்கள்? ஆறுக்குப் பிறகு ஒவ்வொரு 1000க்கும் லெவலுக்குப் பதில் ஒரு ஃபீட் (தனித் திறன்) கொடுத்தால் வளர்ச்சி நிற்காது.

வரும் ஞாயிறே ஐந்து பேரையும் நான்கில் ஏற்றிவிட்டு நோட்டைத் தொடங்குங்கள். யாராவது செத்தால் புதுக் கேரக்டரும் கும்பலின் லெவலிலேயே வரட்டும். லெவல் ஏறும் வேலையை மாடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், அரை மணி நேரம் போய்விடும். வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் முடித்துக்கொள்ளலாம்.

1914 என்பதால் செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தே தீரும். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் எரியும், ஜனங்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள். அந்த ஒரு இரவுக்கு மட்டும் நோட்டைப் பார்க்காமல் லெவல் கொடுத்தாலும் தகும். ஆனால் மறுநாள் உங்கள் ஆட்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் துழாவக் கிளம்புவார்கள். அந்தப் பொருளுக்குப் புள்ளி உண்டா இல்லையா என்பதை முதல் ஞாயிறே சொல்லிவிடுங்கள். பூட்டை உடைத்தபின் சொன்னால் சண்டை வரும்.