கமடோர் 64-ஐ பேச வெக்கிறது பத்தி கேளுங்க, சொல்றேன்

கமடோர் 64-ங்கற பழைய வீட்டு கம்ப்யூட்டருக்கு பொழுதுபோக்கா, டைப் பண்றத பேசிக் காட்டுற ஒரு சின்ன யூட்டிலிட்டி எழுதி வெளியிட்டேன்ல, அதுல இருந்து இன்பாக்ஸ் ஃபுல்லா கேள்விதான். எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணே, 1982-ல வந்த மெஷின், மெமரியே 64 கேபி. குரல எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?

பதில்: ரெக்கார்ட் பண்ண குரல் எதுவும் உள்ள இல்ல தம்பி. அப்படி வெச்சா செகண்டுக்கு 8000 சாம்பிள் (ஒலி அலைய அளந்த நம்பர்), ஒவ்வொண்ணும் 4 பிட், அப்போ ஒரு செகண்டுக்கே 4000 பைட் போயிடும், பேசிக்ல (மெஷின் கூடவே வர்ற ப்ரோக்ராம் மொழி) ஃப்ரீயா கெடைக்கறதே 38911 பைட்தான், பத்து செகண்ட் கூட தேறாது. அதனால ஒவ்வொரு ஒலிக்கும் எந்தெந்த ஹெர்ட்ஸ்ல சத்தம் தூக்கலா இருக்குங்கற நம்பர் மட்டும் டேபிள்ல இருக்கு. 'ஈ'க்கு 300 கிட்ட ஒண்ணு 2300 கிட்ட ஒண்ணு, 'ஆ'வுக்கு 700, 1100 பக்கம். அந்த அலைங்கள அப்பப்போ உருவாக்கிக் கூட்டி விட்டா காது அத உயிரெழுத்துன்னே நம்பிடும். ஸ, ஷ-வுக்கு வெறும் இரைச்சல் போதும்.

கேள்வி: இது சாம்-ஓட காப்பி தானே?

பதில்: ஐடியா அங்க இருந்துதான், கோட் என்னோடது. சாம்னா சாஃப்ட்வேர் ஆட்டோமேட்டிக் மவுத், 1982-ல மார்க் பார்ட்டன் எழுதுன பேச்சு ப்ரோக்ராம். 1984-ல மேக்கின்டோஷ் மேடையில தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கிச்சே, அந்தப் பேச்சுலயும் அவரு கை இருக்கு. சாம்ல ஸ்பீடு 72, பிட்ச் 64, வாய் 128, தொண்டை 128-ன்னு நாலு செட்டிங், நானும் அதையே வெச்சுக்கிட்டேன். பிட்ச் நம்பரக் கொறச்சா கீச்சுக்குரல், கூட்டுனா கட்டைக்குரல். ரிவர்ஸா இருக்கேன்னு நெறைய பேரு கேட்டீங்க, அந்த நம்பர் ஒரு அதிர்வுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, அதான்.

கேள்வி: பேசும்போது ஸ்கிரீன் ஏன் மறைஞ்சிடுது? கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன் சார்.

பதில்: வேணும்னுதான் மறைக்கிறேன். சத்தம் உண்டாக்குற சிட் சிப்ல சாம்பிள் வாசிக்கன்னு தனி வழியே கிடையாது, 54296-ங்கற மெமரி முகவரியில இருக்கற வால்யூம செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கித்தான் பேச்சே வருது, அதுவும் 0-ல இருந்து 15 வரைக்கும் 16 படிதான். பால் (PAL) டிவி முறைக்கான மெஷின்ல ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ப்ராசஸருக்கு 123 சைக்கிள் கெடைக்கும், ஆனா ஸ்கிரீன் ஓடிட்டிருந்தா படம் காட்டுற விஐசி சிப் எட்டு வரிக்கு ஒரு தடவை 40 சைக்கிளுக்கு மேல பிடுங்கிக்கும், டைமிங் ஆடிப்போயி குரல் கரகரன்னு கேக்கும். ஸ்கிரீன் இருந்தே ஆகணும்னா ஆன் பண்ணிக்கலாம், ஆனா அந்த சத்தத்த என்னால கேக்க முடியல!

கேள்வி: என்கிட்ட இருக்கறது 64சி. காத வெச்சுக் கேட்டாத்தான் ஏதோ முணுமுணுக்குது.

பதில்: 64சி பின்னாடி வந்த மாடல், அதுல இருக்கறது 8580-ங்கற புது சிட் சிப்பா இருக்கும். பழைய 6581-ல அவுட்புட்ல எப்பவும் கொஞ்சம் டிசி வோல்டேஜ் (மாறாம நிக்கற வோல்டேஜ்) கசியும், டிசைன்படி பாத்தா அது குறைதான், ஆனா வால்யூம மாத்தும்போது சத்தம் வர்றதே அதனாலதான். 8580-ல அத சரி பண்ணிட்டாங்க, நம்ம பொழப்பு போச்சு. மெனுல 'பூஸ்ட்' இருக்கு பாருங்க, அது சிட்டோட மூணு வாய்ஸையும் (ஒலி சேனல்) பல்ஸ் அலையில வெச்சு, டெஸ்ட் பிட்ங்கற சுவிட்சப் போட்டு நிறுத்தி அந்த வோல்டேஜ செயற்கையா உண்டாக்கும். போர்டுல ரெசிஸ்டர் சால்டர் பண்றவங்களும் இருக்காங்க, இதுக்காக அவ்ளோ தூரம் போக வேணாம்.

கேள்வி: தமிழ் பேசுமா ப்ரோ?

பதில்: பேசும், வெள்ளைக்காரன் பேசுற மாதிரி. டேபிள்ல இருக்கறதெல்லாம் இங்கிலீஷ் ஒலி, அதனால ந, ன, ண மூணும் ஒண்ணாத்தான் விழும், 'வணக்கம்' 'வனக்கம்' ஆயிடும். ழ-வுக்கு ஆள் கெடச்சிருச்சு, அமெரிக்க 'ஆர்' ஒலியில சத்தம் தூக்கலா இருக்கற மூணாவது ஹெர்ட்ஸ் நல்லா கீழ இறங்கும், நம்ம ழ-வும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதையே கொஞ்சம் நீட்டுனா 'பழம்' நம்பற மாதிரி வருது. ள இன்னும் ல-வாத்தான் இருக்கு. க்க, ட்ட மாதிரி இரட்டிக்கற எடத்துல வாய மூடியிருக்கற அமைதிய ரெண்டு மடங்காக்குங்க, 'பக்கம்' பளிச்சுன்னு கேக்கும்.

கேள்வி: பேசிக் ப்ரோக்ராமுக்கு இடம் மிச்சம் இருக்குமா?

பதில்: முழுசா இருக்கும். மெமரியில 49152-ல இருந்து 4 கேபி பேசிக் தொடாத இடம், அதுக்குள்ளயே அடக்கிட்டேன். அதனாலதான் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் விதி எதுவும் சேக்கல, உச்சரிப்ப நீங்கதான் டைப் பண்ணணும்.

கேள்வி: நெஜ மெஷின் இல்ல, வைஸ் எமுலேட்டர்தான் இருக்கு.

பதில்: வைஸ், நம்ம கம்ப்யூட்டர்லயே கமடோர் மாதிரி நடிக்கிற ப்ரோக்ராம்தானே, தாராளமா ஓடும். செட்டிங்ஸ்ல சிட் மாடல 6581-ன்னு வெச்சுட்டு லோட் பண்ணுங்க, பூஸ்ட் தேவையில்ல.