பெயரில் குவாண்டம் இருந்தால் போதுமா, ஆச்சி?

ஆச்சி, போன வாரம் மகளோடு காரைக்குடிக்கு வந்தபோது நீங்கள் பேசியதெல்லாம் உங்கள் அண்ணன் சொன்னதைத்தான். மகளுக்கு ‘குவாண்டம் கம்ப்யூட்டிங்’ (அணு அளவிலான நுண்ணுலக விதிகளில் ஓடும் கணினி பற்றிய படிப்பு) என்று பெயரில் ஒட்டிய பி.டெக்., ஆண்டுக்கு நாலரை லட்சம், அதற்குப் பூர்வீக வீட்டில் உங்கள் பங்கை விற்பது. பயப்படாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போது நேராகவே சொல்கிறேன்: அந்தப் பங்கைத் தொடாதீர்கள்.

அவள் லேப்டாப்பில் காட்டியதைக் கவனித்தீர்களா? குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதும் மென்பொருளான கிஸ்கிட்டில், மூன்று குயுபிட் (அந்தக் கணினியில் தகவலைத் தாங்கும் அலகு) வைத்துச் சின்னதாக ஒரு சர்க்யூட். முதலாவதையும் மூன்றாவதையும் இணைக்க ஒரே ஒரு சிநாட் கேட், அதாவது இரண்டு குயுபிட்டைச் சேர்த்து இயக்கும் ஒரு கட்டளை, போட்டிருந்தாள். நிரலைக் கருவிக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில் விட்டு எடுத்தால் அது நாலாகியிருந்தது. “ஏன் சார்?” என்றாள்.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம், கூகுள் செய்யும் சூப்பர்கண்டக்டிங் (மின்தடை இல்லாத) சிப்பில் ஒரு குயுபிட் பக்கத்து இலைக்காரரோடு மட்டும்தான் பேச முடியும். தள்ளி உட்கார்ந்தவரிடம் பேச இடம் மாற வேண்டும். ஒரு இடமாற்றத்துக்கு மூன்று சிநாட், அவள் போட்ட ஒன்றோடு நாலு. ஒவ்வொரு கேட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிழை சேர்க்கும். அயனிகளை (மின்னூட்டம் உள்ள அணுக்களை) பிடித்து வைத்துச் செய்யும் கருவியில் எல்லாரும் எல்லாரோடும் பேசலாம், ஆனால் கேட் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெதுவு. ஒரே நிரலை அந்தந்தக் கருவிக்கு அளவெடுத்துத் தைப்பதுதான் கம்பைலர் எழுதுபவரின் வேலை. சிப்பை ஓட்ட மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். ஆனால் கம்பைலர் பழக லேப்டாப் போதும். கிஸ்கிட்டை ஐபிஎம் 2017-ல் வெளியிட்டது. இலவசம்தான், உள்ளே இருக்கும் நிரலையும் யாரும் திறந்து படிக்கலாம். உங்கள் மகள் கேட்ட அந்த ‘ஏன்’ இருக்கிறதே, அதைப் பணம் கட்டி வாங்க முடியாது.

இந்த வேலைக்கு லீனியர் அல்ஜீப்ரா, கிராஃப் தியரி என்ற கணக்குப் பிரிவுகளும் நல்ல நிரல் பழக்கமும் வேண்டும். அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள், வீட்டிலிருந்தே போய் வரட்டும். அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு. நல்ல ரேங்க் வந்தால் ஐஐடியில் எம்.எஸ்சி. 2023-ல் மத்திய அரசு 6,003 கோடி ரூபாய்க்கு தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்தது உண்மை. ஆனால் இந்தத் துறையில் ஆராய்ச்சி வேலைக்குப் பெரும்பாலும் எம்.எஸ்சி., பிஎச்.டி. கேட்பார்கள். அண்ணன் கொடுத்த நோட்டீசில் அது இல்லை.

வேலைகள் இன்னும் குறைவு, மறைக்க மாட்டேன். அப்படியே ஆனாலும் கணக்கும் நிரலும் தெரிந்தவளாக வெளியே வருவாள், கடன் இல்லாமல்.

அண்ணனிடம் நான் பேசுகிறேன். அந்த பி.டெக்.குக்குக் கட்டிய அட்வான்ஸ் திரும்பாது என்றால் போகட்டும். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள், அதை அவளே நிரப்பட்டும்.